யூரோப்பாவில் தோண்டுவதா, என்செலடஸில் ஏந்துவதா?

வியாழனைச் சுற்றும் யூரோப்பாவிலும் சனியைச் சுற்றும் என்செலடஸிலும் பனி ஓட்டுக்கு அடியில் உப்புக்கடல் இருக்கிறது என்பதில் இன்று ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை கிடையாது. சண்டை எல்லாம் அடுத்த கேள்வியில்தான்: ஒரே ஒரு தரையிறங்கு கலத்துக்குத்தான் பணம் இருக்கிறது, உயிரின் தடயத்தைத் தேட வேண்டும், எங்கே இறக்குவது?

பெரும்பாலானவர்கள் இதைக் கடலை வைத்தே பேசுகிறார்கள். எந்தக் கடல் பெரியது, எது வெப்பமானது, எதில் என்ன உப்பு என்று. நான் பனியை வைத்துப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் நம் கலம் தொடப்போவது பனியைத்தான். பல கிலோமீட்டர் பனியைத் துளைத்துக் கடலுக்குள் இறங்கும் கருவி இன்னும் எந்தக் கலத்திலும் ஏறவில்லை. ஆக, கடல் நமக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் மேலே வந்து கிடக்கும் பனி வழியாகத்தான் வந்து சேர வேண்டும். அந்தப் பனி காற்றுமண்டலம் என்ற குடை இல்லாமல் எலக்ட்ரானும் புரோட்டானும் கனமான அயனிகளும் புற ஊதாக் கதிரும் இரவு பகலாக மேலே விழ, திறந்தவெளியில் கிடக்கிறது. நம் கையில் கிடைப்பது கடல் எழுதிய கடிதமா, கதிர்வீச்சு அழித்து எழுதிய கடிதமா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

கதிர்வீச்சு பனியை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடலாம், முடிவு முழுக்க இதில்தான் நிற்கிறது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது போல, துகள்கள் வந்து மோதி மோதிப் பனி மூலக்கூறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து எடுக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1978இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிரவுன், லான்சரொட்டி முதலியோர் மெல்லிய பனிப்படலத்தின் மேல் மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் அளவு ஆற்றலுள்ள அயனிகளை ஏவிப் பார்த்தபோது, மோதல் கணக்கு சொன்னதைவிட மிக மிக அதிகமாகப் பனி கழன்று போனது. காரணம், வேகமாக வரும் அயனி அணுக்கருக்களை இடித்துத் தள்ளுவதைவிட, போகிற வழியெல்லாம் மூலக்கூறுகளின் எலக்ட்ரான்களைக் கிளறிவிட்டுப் போவதுதான் அதிகம். அந்தக் கிளர்ச்சி அடங்கும்போது பிணைப்புகள் முறிகின்றன, பக்கத்து மூலக்கூறுகளுக்கு உதை கிடைக்கிறது, மேற்பரப்பில் இருப்பவை வெளியே தெறிக்கின்றன. பனி இப்படித்தான் தேய்கிறது.

தேய்வதோடு முடிந்திருந்தால் பிரச்சினையே இல்லை, பழைய தோல் போய்ப் புதுத் தோல் தெரியும், அவ்வளவுதான். ஆனால் கதிர் உள்ளேயும் போகிறது. நீர் மூலக்கூறு உடைந்து ஹைட்ரஜனும் ஹைட்ராக்சிலும் ஆகிறது. இலேசான ஹைட்ரஜன் இரண்டிரண்டாகச் சேர்ந்து தப்பித்துப் போய்விடுகிறது. மிஞ்சுகிற ஹைட்ராக்சில் துண்டுகள் கூடி ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகின்றன, ஆக்சிஜன் மூலக்கூறும் உருவாகிறது. அதாவது தண்ணீராக இருந்த பனி மெல்ல மெல்ல எரிக்கும் தன்மை கொண்ட ஒரு கலவையாக மாறுகிறது. இந்தக் கலவைக்குள் கடலிலிருந்து வந்த ஓர் அமினோ அமிலம், அதாவது புரதத்தின் செங்கல், மாட்டிக்கொண்டால் அதன் கதி என்ன? நேரடியாகக் கதிர் பட்டும் உடையும், சுற்றியிருக்கும் பெராக்சைடும் ஹைட்ராக்சிலும் சேர்ந்தும் கடித்துத் தின்னும், கடைசியில் கரியமில வாயுவும் அடையாளம் தெரியாத கருஞ்சிவப்புக் கசடும்தான் மிஞ்சும்.

பனியின் அடுக்குகூடக் கலைந்துவிடுகிறது. ஒழுங்கான படிகமாக இருக்கும் பனி, கதிர்பட்டு ஒழுங்கில்லாத கண்ணாடி போன்ற நிலைக்கு மாறும். வியாழனையும் அதன் நிலாக்களையும் ஆராய்ந்த கலிலியோ கலத்தின் அளவீடுகளை வைத்துப் பார்த்தபோது, கதிர்வீச்சு குறைவாக உள்ள காலிஸ்டோ நிலாவின் மேற்பரப்பில் படிகப் பனியும், கடுமையாக உள்ள யூரோப்பாவில் கலைந்த பனியும் மேலோங்கியிருந்தன, நடுவில் உள்ள கானிமீடு நிலாவில் இரண்டும் இருந்தன. வியாழனிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பதைப் பனியே எழுதிவைத்திருக்கிறது.

சரி, இப்போது யூரோப்பா. அதன் மேற்பரப்பில் ஒரு மனிதர் நின்றால் ஒரு நாளில் அவர்மீது விழும் கதிர்வீச்சு சுமார் 5.4 சீவர்ட். அது உயிரைப் பறிக்கக்கூடிய அளவு, அதுவும் ஒரே நாளில். பரப்பின் சராசரி வயது 4 கோடியிலிருந்து 9 கோடி ஆண்டுகள் என்று கணிக்கிறார்கள். சூரிய மண்டலக் கணக்கில் இது இளமை, ஒரு மூலக்கூறின் கணக்கில் இது முடிவே இல்லாத காலம்.

ஆனால் யூரோப்பா எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அடி வாங்கவில்லை. நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல யூரோப்பாவும் வியாழனுக்கு ஒரே முகத்தைக் காட்டியபடி 3.55 நாளில் ஒரு சுற்று வருகிறது. அதனால் ஓடும் பேருந்துக்கு இருப்பது போல அதற்கு நிரந்தரமான முன்முகம் ஒன்றும் பின்முகம் ஒன்றும் உண்டு. வியாழன் பத்து மணி நேரத்துக்கும் குறைவான நேரத்தில் தன்னைத்தானே சுற்றுகிறது, அதன் காந்தப்புலமும் அதில் சிக்கிய மின்துகள் கூட்டமும் கூடவே சுழல்கின்றன. யூரோப்பா வினாடிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் ஓடினால் இந்தக் கூட்டம் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து வந்து முட்டுகிறது. அதில் வியாழனின் இன்னொரு நிலாவான அயோவின் எரிமலைகள் கக்கிய கந்தகமும் இருக்கிறது. அந்தக் கந்தகம் பின்முகப் பனிக்குள் புதைந்து, கதிர்களின் உதவியோடு நீரேறிய கந்தக அமிலமாக மாறிக் கிடக்கிறது. பின்முகம் செம்பழுப்பாகத் தெரிவதில் இதற்குப் பங்கு உண்டு. அங்கே போய்க் கந்தகத்தைக் கண்டுபிடித்துவிட்டு 'கடலில் கந்தகம்' என்று அறிவிப்பது, பக்கத்து வீட்டுச் சமையல் வாசனையை வைத்து நம் வீட்டுச் சாப்பாட்டைச் சொல்வதற்குச் சமம். பின்முகத்தின் நடுப்பகுதியை நான் முதல் சுற்றிலேயே நீக்கிவிடுகிறேன்.

முன்முகம் வேறு கதை. அங்கே தாரா ரெஜியோ என்று ஒரு பகுதி இருக்கிறது, உடைந்து கலைந்து மறுபடி உறைந்த நிலப்பரப்பு. 2019இல் ஹப்பிள் தொலைநோக்கி வழியாக அங்கே சோடியம் குளோரைடின் அடையாளத்தைக் கண்டார்கள், நம் சமையலறை உப்பேதான். இதில் வேடிக்கை என்னவென்றால், வெள்ளை உப்புக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளும்படி நிறம் எதுவும் கிடையாது. கதிர்பட்டு அதன் படிகத்தில் குறைபாடுகள் உண்டாகி மஞ்சள் ஏறியதால்தான் தொலைநோக்கிக்கு அது தட்டுப்பட்டது. கெடுக்கும் அதே கதிர்தான் இங்கே காட்டிக்கொடுத்தது. 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே தாரா ரெஜியோவில் கரியமில வாயு குவிந்திருப்பதைக் கண்டது. யூரோப்பாவின் மேற்பரப்பில் அந்த வாயு நீண்ட காலம் நிலைக்காது, எனவே அண்மைக் காலத்தில் உள்ளிருந்து வந்திருக்க வேண்டும், அதன் கார்பன் கடலுடையதாக இருக்க வேண்டும் என்பது வாதம். எனக்கும் இது நல்ல வாதமாகவே படுகிறது. ஆனால் வந்தது கரியமில வாயுவாகவே வந்ததா, வேறு கரிமப் பொருளாக வந்து கதிர்பட்டுக் கரியமில வாயு ஆனதா? இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் நாம் தேடும் பதிலே.

அப்புறம் ஆழம். மொட்டைமாடியில் மறந்துபோய் விட்டுவிட்ட செய்தித்தாள் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் தாள் மஞ்சளாகிப் பொடிந்துவிடும், நான்காவது ஐந்தாவது தாளைப் பிரித்தால் படிக்க முடியும். யூரோப்பாவில் எத்தனையாவது தாள்? 2018இல் நார்ட்ஹைம், ஹேண்ட், பரானிகஸ் மூவரும் போட்ட கணக்குப்படி, ஒரு கோடி ஆண்டு வயதுள்ள பனியில், நடு அகலாங்குகளிலும் துருவப் பக்கங்களிலும் 1 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீழே அமினோ அமிலங்கள் ஓரளவு தப்பிப் பிழைக்கலாம், மிக மோசமாக அடிவாங்கும் இடங்களில் 10 முதல் 20 சென்டிமீட்டர் போக வேண்டும். கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. ஆனால் 2024இல் நாசா கோடார்ட் மையத்தின் பாவ்லோவ் குழு, அமினோ அமிலங்களையும் இறந்த நுண்ணுயிர்களையும் பனியில் கலந்து குளிரூட்டிக் காமா கதிரால் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன எண், பின்முகத்தின் உயர் அகலாங்குகளில்கூடச் சுமார் 20 சென்டிமீட்டர், அதுவும் விண்கல் மோதல்கள் அதிகம் கலைக்காத இடமாக இருந்தால்.

அந்தக் கடைசி நிபந்தனையில்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சின்னச் சின்ன மோதல்கள் பரப்பைக் கிளறிக்கொண்டே இருக்கின்றன, கீழே இருந்தது மேலே வருகிறது, மேலே வெந்தது கீழே போகிறது. 2021இல் கோஸ்டெல்லோவும் உடன் உழைத்தவர்களும் யூரோப்பாவில் இந்தக் கிளறல் சராசரியாக 30 சென்டிமீட்டர் வரை எட்டியிருக்கும் என்று கணித்தார்கள். யாரோ வந்து அந்தச் செய்தித்தாள் கட்டைச் சீட்டுக்கட்டு போலக் குலுக்கிவிட்டுப் போன மாதிரி. நாசாவின் யூரோப்பா தரையிறங்கு கலத் திட்டம், காகிதத்திலேயே நிற்கும் திட்டம்தான், 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து மாதிரி எடுப்பதாக இருந்தது. 2016இல் அந்த எண் நியாயமாக இருந்தது. இன்று வாசிக்கும்போது எனக்குப் போதவில்லை. யூரோப்பாவுக்குப் போவதென்றால் முன்முகத்தில், நடு அகலாங்கில் அல்லது அதற்கு மேல், கூடியவரை இளமையான நிலப்பரப்பில், குறைந்தது 30 சென்டிமீட்டருக்குக் கீழே துளைக்கும் கருவியோடு போக வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பாராசூட்டுக்குக் காற்றில்லை, எலக்ட்ரானிக் பாகங்கள் கதிர்வீச்சில் வாடிக்கொண்டே இருக்கும், இதற்கு மேல் ஆழத் துளைப்பானின் எடையும் மின்சாரத் தேவையும் சேர்ந்தால் திட்டம் எவ்வளவு வீங்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

யூரோப்பா கட்சிக்காரர்கள் இங்கே ஒரு பலமான வாதத்தை வைப்பார்கள், அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. கதிர்வீச்சு பனியில் உண்டாக்கும் ஆக்சிஜனும் பெராக்சைடும் எப்படியாவது கீழே கடலுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்குள்ள உயிருக்கு அது சாப்பாடு மாதிரி, ஆற்றல் தரும் வேதிவினைக்கு வேண்டிய இரண்டு பக்கப் பொருள்களில் ஒன்று கிடைத்துவிடுகிறது. சூரியவெளிச்சம் எட்டாத கடலுக்கு வெளியிலிருந்து வரும் ஆக்சிஜன் சாதாரண விஷயமில்லை. பெராக்சைடை 1999லேயே கலிலியோ கலத்தின் அளவீடுகளில் கண்டுவிட்டார்கள். ஆக்சிஜன் எவ்வளவு? வியாழனைச் சுற்றிவந்த ஜூனோ கலம் 2022 செப்டம்பரில் யூரோப்பாவின் அருகே பறந்தபோது எடுத்த அளவீட்டிலிருந்து, வினாடிக்குச் சுமார் 12 கிலோ ஆக்சிஜன் பரப்பில் உருவாகிறது என்று 2024இல் கணக்கிட்டார்கள். நாளொன்றுக்கு ஆயிரம் டன். முன்பு சில கணிப்புகள் வினாடிக்கு ஆயிரம் கிலோ வரைகூடச் சொல்லியிருந்தன, அதோடு ஒப்பிட்டால் இது ஏமாற்றம். இருந்தாலும் சுழியம் இல்லை. ஆக, யூரோப்பாவின் கடலில் உயிர் இருக்க வாய்ப்பைக் கூட்டுவதும் கதிர்தான், அந்த உயிரின் தடயத்தை மேற்பரப்பில் அழிப்பதும் அதே கதிர்தான். இருக்க வாய்ப்புள்ள இடமும் கண்டுபிடிக்க வாய்ப்புள்ள இடமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. தரையிறங்கு கலத்துக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

கானிமீடைப் பற்றி ஒரு வரி: அதற்குச் சொந்தக் காந்தப்புலம் இருப்பதால் துகள்கள் பெரும்பாலும் துருவங்களுக்குத் திருப்பப்படுகின்றன, நடுப்பகுதி ஓரளவு தப்பிக்கிறது. ஆனால் பரப்பு மிகப் பழையது, கடலும் மிக ஆழத்தில். இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை.

இனி என்செலடஸ். குறுக்களவு வெறும் 504 கிலோமீட்டர். 2005இல், சனியைச் சுற்றி ஆராய்ந்த காசினி கலம் அதன் தென்துருவத்திலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிட்டு எழுவதைக் கண்டது. பாக்தாத், கெய்ரோ, டமாஸ்கஸ், அலெக்சாண்ட்ரியா என்று பெயர் வைத்த நான்கு நீண்ட பிளவுகள்தான் அதன் வாய். சனியின் காந்தக்கோளம், அதாவது அதன் காந்தப்புலம் மின்துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் வெளி, வியாழனுடையதைவிட மிகச் சாது, போதாக்குறைக்கு என்செலடஸ் தானே கக்கிய வாயுவும் துகளும் சுற்றுப்பாதையில் பரவி, வரும் கதிர்த்துகள்களைப் பெருமளவு விழுங்கிவிடுகின்றன. பாவ்லோவ் குழுவின் அதே சோதனைக் கணக்கு என்செலடஸுக்குச் சொல்லும் பாதுகாப்பான ஆழம் சில மில்லிமீட்டர். சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, யூரோப்பாவில் புதியது கீழே இருக்கிறது, என்செலடஸில் புதியது மேலே இருந்து விழுகிறது என்பதுதான். தோண்டத் தேவையில்லை, தட்டை ஏந்திக்கொண்டு நிற்கலாம். அங்கே தப்பிக்கும் வேகமே வினாடிக்குச் சுமார் 240 மீட்டர்தான், ஆகவே திரும்ப விழுகிற எந்தப் பனித்துகளும் அதற்கு மேலான வேகத்தில் வந்து மோதப்போவதில்லை. பெரிய கரிம மூலக்கூறுகள் உடையாமல் கையில் கிடைக்க இதைவிட மென்மையான ஏற்பாடு சூரிய மண்டலத்தில் எனக்குத் தெரிந்து கிடையாது.

என்றாலும் என்செலடஸிலும் கதிர்வீச்சு ஏமாற்றும். 2025 செப்டம்பரில் ஹெல்சிங்கியில் நடந்த கோள் அறிவியல் மாநாட்டில் கிரேஸ் ரிச்சர்ட்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையைப் பற்றிப் பேசினார். ஹங்கேரியின் டெப்ரெசென் நகரிலுள்ள ஆய்வுக்கூடத்தில் நீர், கரியமில வாயு, மீத்தேன், அம்மோனியா கலந்த பனியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே 200 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து அயனிகளால் அடித்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு, சயனேட், அம்மோனியம் எல்லாம் வந்தன, அமினோ அமிலங்களுக்கு முன்னோடியாகக் கூடியவையும் வந்தன. கடலே இல்லாமல், வெறும் பனியும் கதிரும் வைத்து. அப்படியானால் காசினி கண்ட கரிமப் பொருள்களில் எத்தனை உண்மையில் கடலுடையவை? இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் என்செலடஸ் பக்கமிருந்து கொஞ்சம் விலகியே நின்றேன்.

திரும்பி வரவைத்தது அடுத்த மாதமே வந்த இன்னொரு ஆய்வு. மோதும் துகள்களின் சேர்மானத்தை அளக்கும் காசினியின் தூசிமானி அதற்கு முன் சொன்ன கரிமச் சேதிகளில் பல, என்செலடஸ் கக்கிய துகள்கள் சனியைச் சுற்றிப் பரவிக் கிடக்கும் 'ஈ' (E) வளையத்தில் எடுத்தவை. அந்தத் துகள்கள் அங்கே நூற்றுக்கணக்கான ஆண்டுகள்கூடக் கதிரில் காய்ந்திருக்கலாம். கவாஜாவின் குழு 2008 அக்டோபரில் கலம் பீறலுக்குள்ளேயே புகுந்து பறந்தபோது பிடித்த துகள்களின் பதிவை மறுபடி எடுத்துப் பிரித்தது. அவை பிளவிலிருந்து வெளிவந்து சில நிமிடங்களே ஆனவை. அன்று மோதிய வேகம் வினாடிக்குச் சுமார் 18 கிலோமீட்டர், அந்த வேகத்தில் நீர் மூலக்கூறுகள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து மற்றவற்றை மறைப்பது நடக்காமல் போனதால், வழக்கமாக ஒளிந்திருக்கும் கரிமத் துண்டுகள் தெரிந்தன. பழைய துகள்களில் கண்ட பல கரிம வகைகள் இந்தப் புதுத் துகள்களிலும் இருந்தன, புதியவையும் இருந்தன. நிமிடங்களில் கதிர்வீச்சுக்கு இவ்வளவு சமைக்க நேரம் போதாது. பிளவுகளின் சுவர்ப் பனியிலும் கொஞ்சம் கதிர் வேதியியல் நடந்திருக்கலாம் என்ற ஐயம் நியாயமானதுதான், ஆனால் வளையத்தில் பல ஆண்டுகள் கிடந்த துகளுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கடலைப் பற்றியும் என்செலடஸ் ஏற்கெனவே நிறையவே வாய் திறந்திருக்கிறது. 2017இல் ஹைட்ரஜன், 2018இல் பெரிய கரிம மூலக்கூறுகளின் துண்டுகள், 2023இல் பாஸ்பேட். யூரோப்பாவிலிருந்து இப்படித் தொட்டுச் சுவைத்த செய்தி இன்னும் ஒன்றுகூட வரவில்லை.

நேரமும் மின்சாரமும் என்செலடஸுக்கு எதிராக நிற்கின்றன, அதை மறைக்க முடியாது. காசினி சனிக்குப் போக ஏழு ஆண்டு எடுத்தது, யூரோப்பாவை ஆராயப் போகும் நாசாவின் யூரோப்பா கிளிப்பர் கலம் வியாழனுக்கு ஐந்தரை ஆண்டில் போய்விடும். சனியில் சூரியவெளிச்சம் பூமியில் கிடைப்பதில் நூறில் ஒரு பங்குதான். அதைவிடக் கஷ்டம் பருவகாலம்: என்செலடஸின் தென்துருவம் 2040 வாக்கில் இருட்டுக்குள் போனால் 2050களின் நடுவில்தான் மறுபடி வெயிலைப் பார்க்கும். அடுத்த பத்தாண்டுக்கு எந்தக் கோள் பயணங்கள் முக்கியம் என்று அமெரிக்க அறிவியலாளர்கள் 2022இல் தந்த பரிந்துரை, யுரேனஸுக்கு அடுத்து என்செலடஸுக்கு, முதலில் சுற்றிவந்து பிறகு தரையிறங்கும் ஒரு கலத்தைச் சொன்னது, அதன் வடிவமைப்பில் விழும் பனியை ஏந்த ஒரு புனலும் அள்ள ஒரு கரண்டியும் உண்டு. ஐரோப்பிய விண்வெளி அமைப்பும் என்செலடஸையே குறிவைக்கிறது. இரண்டுமே 2050களில்தான் தரை தொடும். இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் தலைமை ஏற்கும் காலம் அது.

இத்தனையும் தெரிந்தே நான் தரையிறங்கு கலத்தை என்செலடஸுக்குத்தான் அனுப்புவேன். உயிர்த்தடயம் என்று ஒன்றைக் கண்டு அறிவித்தால் உலகம் கேட்கப்போகும் முதல் கேள்வி 'இது கதிர்வீச்சு செய்த வேலை இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்' என்பதாகத்தான் இருக்கும். நேற்று விழுந்த பனியை ஏந்தி, பக்கத்திலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்த பனியையும் சுரண்டி, இரண்டையும் ஒரே கருவியில் ஓடவிட்டு ஒப்பிட்டுக் காட்டலாம். கதிர் சமைத்தது என்றால் பழையதில் அதிகமாகவும் புதியதில் இல்லாமலும் இருக்க வேண்டும், கடல் கொடுத்தது என்றால் தலைகீழ். இப்படியொரு சோதனையை அங்கேயே வைத்துச் செய்யும் வசதி யூரோப்பாவில், இப்போது தெரிந்தவரை, கிடையாது.

யூரோப்பாவைக் கைவிடச் சொல்லவில்லை. அதற்கு ஏற்ற வழி இப்போதைக்குப் பறந்து பிடிப்பதுதான், அந்தக் கலம் ஏற்கெனவே வழியில் இருக்கிறது. 2024 அக்டோபர் 14 அன்று கிளம்பிய கிளிப்பர் 2030 ஏப்ரலில் வியாழனை அடையும், கதிர்வீச்சுப் பட்டைக்குள் நிரந்தரமாகத் தங்காமல் வெளியிலிருந்து உள்ளே வந்து 49 முறை யூரோப்பாவை உரசிச் செல்லும். அதன் தூசிமானி, விண்கற்கள் மோதி எழும்பும் பனித்துகள்களைப் பிடித்துப் பரப்பின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று கணக்கிட்டு அதன் சேர்மானத்தைச் சொல்லும். தாரா ரெஜியோவின் மேலிருந்து எழுந்த துகள்களில் கரிமப் பொருள் பின்முகத்துத் துகள்களைவிடத் தெளிவாக அதிகம் என்று அது காட்டினால், அல்லது யூரோப்பாவிலும் உறுதியான ஒரு பீறலை எங்காவது பிடித்துவிட்டால், தரையிறங்கு கலத்தைப் பற்றி நான் இங்கே எழுதியதை மறுபடி எடுத்துத் திருத்துவேன்.